ஏன் போனாள் என்ற கேள்வி

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். ஒரு குழு சென்னையிலிருந்தும் இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தவை. சென்னைக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். மகளிர் தினத்தையொட்டி ஏற்பாடான பயணம் அது. மலையிலும், பிறகு மருத்துவமனைகளிலுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அந்த வாரம் பேருந்திலும் ஆசிரியர் அறையிலும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "பொம்பளப் புள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?" இறந்தவர்களில் ஆண்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மலையில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி துக்கத்தின் தொனியில் கேட்கப்பட்டது என்பதால் அதன் கொடுமை குறைந்துவிடாது. அது கேட்கப்பட்ட இடத்தில் வேறு கேள்விகள் இருந்திருக்க வேண்டும். காய்ந்த புல் நிற்கும் மார்ச் மாதத்தில் அந்தத் தடத்தில் ஆட்களை விட்டது யார்? தீ பற்றிய தகவல் குழுவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்? வழிகாட்டியவர்களுக்குத் தீயைப் பற்றி என்ன தெரிந்திருந்தது? 'ஏன் போனாள்' என்று கேட்டுவிட்டால் இவை எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தில் நின்று எழுதப்பட்ட அஞ்சலிகளும் எனக்கு நிறைவு தரவில்லை. அவை இறந்த பெண்களைச் சிறகு விரித்த பறவைகள் என்றன, துணிச்சலின் அடையாளங்கள் என்றன. பழித்தவர்களும் புகழ்ந்தவர்களும் பேசியது பெண்ணின் குணத்தைப் பற்றி. ஒரு தரப்புக்கு அவள் அடங்காதவள், மறு தரப்புக்கு வீராங்கனை. மலையில் உயிரைக் காப்பது பெரும்பாலும் குணமல்ல, தேர்ச்சி. அதைப் பற்றி இரு தரப்புமே பேசவில்லை.

தீயையே எடுத்துக்கொள்வோம். சமவெளியில் பரவுவதைவிட மேட்டில் தீ வேகமாக ஏறும். சுடர் சரிவை ஒட்டிச் சாய்ந்து மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீயோடு வேலை செய்பவர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. குறுகலான பள்ளம் புகைபோக்கியைப் போல அனலை மேலே இழுக்கும். ஆகவே கீழே தீயைப் பார்த்தவுடன் மேலே ஓடக் கூடாது, பள்ளத்தில் இறங்கி ஒளியவும் கூடாது. வெறும் பாறையையோ ஏற்கெனவே எரிந்து கரியான நிலத்தையோ தேட வேண்டும். ஆடையும் முக்கியம். சீக்கிரம் உலரும் என்று சொல்லி மலையேற்றத்துக்கு விற்கப்படும் பாலியஸ்டர் சுமார் 250 பாகை செல்சியஸில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி எரியும், ஆனால் உருகாது. இது அரை மணி நேரத்தில் சொல்லித்தரக்கூடிய பாடம். எந்தப் பெண்ணின் எந்தத் துணிச்சலும் இந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது.

தமிழ் படித்தவள் என்பதால் குறிஞ்சித் திணையை இந்த இடத்தில் மறுபடி வாசிக்கத் தோன்றுகிறது. நம் மரபில் மலைவழி நடப்பவன் தலைவன். இரவில் யானையும் பாம்பும் காட்டாறும் உள்ள வழியில் அவன் வருகிறான். அவள் தினைப்புனம் காக்கிறாள், காத்திருக்கிறாள். வழியின் ஆபத்தைச் சொல்லி அவனை இரவில் வர வேண்டாமென்று தடுப்பது தோழியின் வேலை. இதை நம் உரைமரபு ஆறின்னாமை என்று பெயரிட்டு, தலைவியின் அன்பாகவும் அச்சமாகவும் விளக்குகிறது. வகுப்பிலும் அப்படித்தான் நடத்துகிறோம். ஆனால் அந்தப் பகுதிகளை உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். எந்தப் பாறை வழுக்கும், எந்த ஆற்றில் எப்போது வெள்ளம் வரும், எந்த விலங்கு எந்த நேரத்தில் இறங்கும் என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. மலையைத் தெரிந்தவள்தான் இந்தப் பட்டியலைப் போட முடியும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இதற்கு நல்ல சான்று. அதன் 261 அடிகளும் தோழி செவிலியிடம் பேசும் பேச்சு. மகளிர் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்களின் பெயர்கள் அவள் வாயிலிருந்து வருகின்றன. புனத்தில் பறவை ஓட்டும் கருவிகளின் பெயர்களும் அவளுக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த பெண்கள் மதயானை வந்ததும் நடுங்குகிறார்கள், தலைவன் அம்பெய்து காக்கிறான். அறிவு அவளுடையது, காக்கும் செயல் அவனுடையது. பெருமையையும் உரனையும் ஆணுக்கும், அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைப் பெண்ணுக்கும் தொல்காப்பியம் பகிர்ந்து தந்த கணக்கு இங்கே சரியாகப் பொருந்துகிறது. மடம் என்பதற்கு, அறிந்தும் அறியாதவள்போல் இருத்தல் என்று பொருள் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படி இருக்கப் பழகியவளிடம் மலையறிவு இருந்தும் பயனில்லை. அவளைக் கேட்டு யாரும் வழி மாற்றப் போவதில்லை.

இது பழங்கதை அல்ல. நான் இருக்கும் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஒரு சாலை ஏறுகிறது. சனி, ஞாயிறுகளில் தலைக்கவசமும் முழங்கால் கவசமும் முதுகுப்பையுமாக இளைஞர்கள் வண்டியில் போகிறார்கள். அதற்குச் சாகசம் என்று பெயர். அதே சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் காப்பித் தோட்ட வேலைக்கும் விறகுக்கும் தலைமுறைகளாக நடக்கிறார்கள். தலையில் சும்மாடு, இடுப்பில் கொடுவாள். அதற்குப் பிழைப்பு என்று பெயர். அடிவார ஊரைச் சேர்ந்த என் மாணவி ஒருத்தி சொன்னாள்: "எங்க அம்மாயி பனி எறங்குறதப் பாத்தே எப்பத் திரும்பணும்னு சொல்லிருவாங்க மேம். ஆனா என்னைய மட்டும் மலைப்பக்கம் விட மாட்டாங்க." பாட்டியின் அறிவு பேத்திக்கு வராமல் போனதற்குப் படிப்பும் வசதியும் மட்டும் காரணமல்ல. மலைக்குப் போவது ஏழ்மையின் அடையாளம், போகாதிருப்பது நல்ல குடும்பத்துப் பெண்ணின் அடையாளம் என்று நடுவில் எங்கோ மாறிவிட்டது.

போக அனுமதி கிடைத்த பெண்ணுக்கும் பொருட்கள் இடைஞ்சல்தான். முதுகுப்பையின் பாரம் தோளில் அல்லாமல் இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். ஆணின் நீளமான முதுகுக்கு அளவெடுத்த பையில் இடுப்புப்பட்டை அவளுக்கு வயிற்றுக்குக் கீழே போய்விடும், பாரம் முழுதும் தோளில் விழும். ஒதுங்க இடமில்லை என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் வெயிலில் ஏறும்போது இது மயக்கத்திலும் வெப்பத்தாக்கிலும் கொண்டுபோய் விடும். மாதவிடாய் நாளில் என்ன செய்வது என்று வழிகாட்டியிடம் கேட்கக் கூச்சம். பிறகு "பொம்பளைங்களால முடியல" என்று முடிவு எழுதப்படுகிறது.

அனுமதியின் வரலாறும் நீளமானது. தமிழுக்கு இலக்கணம் தந்ததாக நாம் சொல்லும் அகத்தியர் பெயரால் வழங்கும் அகத்தியமலை உச்சிக்குப் பெண்கள் போகத் தடை இருந்தது. 2018இல் கேரள உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். காணிப் பழங்குடியினர் தங்கள் வழிபாட்டு மரபைச் சொல்லி எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை வெறும் ஆணாதிக்கம் என்று தள்ளிவிட முடியாது. அது அவர்களுடைய மலை. ஆனால் தடை பெண்ணுக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியும் அதனால் இல்லாமல் போகாது.

எவரெஸ்ட் உச்சியை 1975இல் ஜப்பானின் ஜுன்கோ தபெய் தொட்டார், 1984இல் பச்சேந்திரி பால், 2023இல் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி. இவர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும்போது 'முதல் பெண்' என்ற தலைப்போடு நின்றுவிடுகின்றன. எப்படிப் பயின்றார்கள், எங்கே திரும்பிவிட முடிவெடுத்தார்கள் என்பது தெரிவதில்லை. அந்த வகையில் அமெரிக்க மலையேறி ஆர்லீன் பிளம் அன்னபூர்ணா பற்றி எழுதிய நூல் எனக்கு முன்மாதிரியாகப் படுகிறது. 1978இல் அவர் தலைமை தாங்கிய பெண்கள் குழுவில் இருவர் இரண்டு ஷெர்பாக்களுடன் உச்சியை அடைந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஏறிய இன்னும் இரு பெண்கள் இறந்தார்கள். பனிச்சரிவு அபாயத்தில் தொடர்வதா திரும்புவதா என்ற குழுவின் பூசல்களை பிளம் மறைக்கவில்லை. அதில் வரும் பெண்கள் பறவைகள் அல்லர். முடிவெடுப்பவர்கள், தவறவும் கூடியவர்கள்.

குரங்கணிக்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு அரசின் மலையேற்றத் திட்டமும் தொடங்கியது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெறுகிறார்கள். நல்லது. அந்தப் பயிற்சியில் விறகுக்கு நடந்த பெண்களின் அறிவுக்கும் இடம் வேண்டும், கூலியோடும் பதவியோடும். கல்லூரிகளிலும் ஒரு மாற்றம் வேண்டும். மலைப்பயணம் என்றால் மாணவிகளிடம் மட்டும் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதம் நிர்வாகத்தைக் காப்பாற்றும். தீயின் போக்கையும் தண்ணீர்க் கணக்கையும் முதலுதவியையும் திரும்பிவிடும் நேரத்தைக் குறிப்பதையும் சொல்லித்தரும் ஒரு வகுப்பு மாணவியைக் காப்பாற்றும். அந்த வகுப்பில் மாணவர்களும் உட்காரட்டும். அவர்களுக்கும் இதெல்லாம் தெரியாது. தெரியாதென்று யாரும் அவர்களை வீட்டில் நிறுத்திவைத்ததில்லை, அவ்வளவுதான்.