விந்தைக் கருவிகள்

கருவி என்றால் வேலையை எளிதாக்குவது என்றே கொள்கிறோம். சிறு இடர் ஒன்றைத் தீர்க்கப் புகுந்து, அதனினும் பெரிய இடரை உண்டாக்கும் கருவியை என்னென்பது? ஜப்பானியர் அதனைச் 'சிந்தோகு' என்பர். 'சின்' என்பது அரியது, விந்தையானது. 'தோகு' என்பது கருவி. 1980களில் இக்கலையைத் தோற்றுவித்தவர் கென்ஜி கவகாமி. அஞ்சல்வழி விற்பனை இதழொன்றின் ஆசிரியராயிருந்த அவர், எவரும் வாங்க இயலாத பொருள்களை அவ்விதழிலேயே வெளியிட்டார். நகை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இவற்றுள் 101 கருவிகளின் தொகுப்பு 1995இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் தலைப்பில் 'பயனற்ற' என்ற சொல்லின் முன் இன்னோர் எதிர்மறை ஒட்டு சேர்க்கப்பட்டுள்ளது. தமிழில் 'பயனிலி அல்லாதது' என்று பெயர்த்தால் இரண்டு எதிர்மறையும் கூடி உடன்பாடாகிவிடும், பொருள் கெடும். பயனுண்டு என்னாமல், இல்லை என்றும் என்னாமல் இடையில் நிற்கும் சொல் அது. ஆசிரியப் பெருமக்கள் தக்கதொரு சொல்லைத் தேடிப் பார்ப்பாராக!

இக்கலைக்கு விதிகள் பத்து உண்டு. மெய்யான பயன்பாட்டுக்கு உரியதாய் இருத்தலாகாது. ஆயினும் கற்பனையாய் நில்லாமல் செய்து முடிக்கப்பட்டிருத்தல் வேண்டும். விற்றலும் காப்புரிமை பெறுதலும் கூடா. வெறும் நகைப்புக்கென்றே செய்தலும் கூடாது என்பன அவற்றுள் சில. கடைசியாகச் சொன்ன விதியே உரைகல்.

அவ்வுரைகல்லில் எல்லாக் கருவிகளும் தேறவில்லை. சூடான மீயை ஆற்றுவதற்கு உண்ணும் குச்சியிலேயே சிறு மின்விசிறி பொருத்தியிருக்கிறார்கள். கண்டதும் சிரிக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். பசைக்குச்சி போல் திருகி ரொட்டியில் தடவும் வெண்ணெய்க் குச்சியோ மறுபுறம் வழுவுகிறது. அது ஏறக்குறைய நல்ல கருவியே! நாளையே கடைக்கு வந்தாலும் வியப்பில்லை.

உறங்கும் பயணியின் தொப்பி அத்தகையதன்று. அதன் பின்புறத்திலுள்ள உறிஞ்சு கிண்ணம் இரயிலின் சாளரக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். தலை அடுத்தவர் தோளில் சாயாது. எந்த நிலையத்தில் எழுப்ப வேண்டும் என்னும் குறிப்பும் நெற்றியருகே தொங்கும். சிரித்த வாய் மூடுவதற்குள் ஒரு கேள்வி எழுகிறது. மனிதனை இப்படிக் களைக்க வைத்தது எது? தவழும் குழந்தையின் உடையில் தரைதுடைக்கும் நூல்களைத் தைத்து, அதனையும் வேலைக்காரனாக்கும் கருவி இன்னும் கூர்மையானது. ஒரு நொடியையும் வீணாக்காத வாழ்க்கையின் முடிவு இதுதான் என்று அது காட்டுகிறது. வேறு சொல் வேண்டியதில்லை.

இனி, தொகுப்பின் தலைவிதியையே மாற்றிய ஒரு பொருளைக் காண்போம். ஒளிப்படக் கருவியை நீண்ட கோலின் முனையில் பொருத்தித் தம்மைத் தாமே படமெடுப்பதும் அந்த 1995ஆம் ஆண்டு நூலில் ஒரு வேடிக்கையாகவே இடம்பெற்றது. இன்று 'செல்ஃபி ஸ்டிக்' என்று நம் மாணவர் கையிலும் இருப்பது அதுவே. மினோல்டா நிறுவனத்தின் ஹிரோஷி உவேடா 1980களிலேயே அத்தகைய கோலுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அக்காலத்தில் அது பரவவில்லை. சுருளைக் கழுவும் வரை, எடுத்த படம் எப்படி அமைந்தது என்று பார்க்க வழியில்லை. முகப்புப் படக்கருவி கொண்ட கைப்பேசி வந்தபின் அக்குறை நீங்கிற்று. 2014இன் சிறந்த புனைவுகளுள் ஒன்றாக 'டைம்' இதழ் அக்கோலைக் குறித்தது.

ஆகவே பயனின்மை ஒரு பொருளின் இயல்பன்று. அதனைச் சூழ்ந்துள்ள பிற பொருள்களைப் பொறுத்தது. இதனைக் கவகாமியின் முதல் விதி எண்ணிப் பார்க்கவில்லை. குழந்தையின் துடைப்ப உடையும் பின்னாளில் விற்பனைக்கு வந்துவிட்டது. விற்கலாகாது என்ற விதியைக் கருவிகளுக்கு வகுத்தவர், அவற்றின் படங்களை நூலாக்கி விற்றாரே என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் விற்றது படம் மட்டுமே. தொப்பியை எவரும் காசு கொடுத்து வாங்கவில்லை.