சீதை சொன்ன சேதி

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' 1943இல் கலைமகளில் வந்த கதை. தலைப்பிலேயே ஒரு சூது இருக்கிறது. கதை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் விமோசனம் கிடைத்துவிடும். சாபத்தால் கல்லான அகலிகையும் அவளைச் சபித்த கணவன் கோதமனும் அதற்குப் பிறகு எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்பதுதான் மீதி முழுவதும். புராணம் மங்களம் பாடி எழுந்துபோன இடத்தில் இவர் பாயை விரித்து உட்காருகிறார். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது ஒவ்வாமல் போகலாம், அதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்று முகப்பிலேயே சொல்லியும்விடுகிறார்.

கதையில் திடீரென்று ஒன்று துலங்கும் கணத்துக்கு ஜேம்ஸ் ஜாய்ஸ் 'எபிஃபனி' என்று பெயர் வைத்தார். அது தேவாலயச் சொல். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் திருக்காட்சித் திருநாள் என்பார்கள். ஜாய்ஸ் அந்தத் தெய்வீகச் சொல்லைத் தெருப்பேச்சுக்கும் அற்பப் பொருளுக்கும் இறக்கிவந்தார். புதுமைப்பித்தன் கையில் இருந்ததோ அசல் திருக்காட்சியே: ராமனின் கால்தூசி. அதை அவர் எப்படிக் கையாளுகிறார் பாருங்கள். சிறுவர் இருவர் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஓட்டத்தில் கிளம்பிய புழுதி கல்லின் மேல் படிகிறது. பெண் எழுகிறாள். அருள் செய்தவனுக்கு அருள் செய்தது தெரியாது! வால்மீகியின் மூல ராமாயணத்தில் அகலிகை கல்லாவதே இல்லை. யார் கண்ணுக்கும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள். கல்லும் கால்தூசியும் கம்பன் வழியாகத் தமிழ் நெஞ்சில் ஊறியவை. அந்தக் கல்லைத்தான் புதுமைப்பித்தன் கடைசிவரை கைவிடாமல் வைத்திருக்கிறார்.

கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு புற்று, உள்ளே கோதமன். வால்மீகி என்ற பெயருக்கே புற்றிலிருந்து வந்தவர் என்றுதான் பொருள். ஆதிகவியின் புற்றில் சபித்த புருஷனை உட்கார்த்தி வைத்தது தற்செயலா, குறும்பா? குறும்பு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, சரயுக் கரைக் குடிசையில் அவர்கள் இருவரும் பேசமுடியாமல் தவிக்கும் பகுதி. அன்று அவளைச் சுட்ட சொல், சொன்னவன் நாக்கையே பொசுக்கியிருக்கிறது. வாய் திறக்கும்முன் அவள் ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் பார்க்கிறாள். இதற்கு இன்னொரு அர்த்தம் வந்துவிடுமோ? எதிரே வரும் ஆணெல்லாம் அவளுக்கு, அன்று கணவன் வேடத்தில் வந்து ஏமாற்றிய இந்திரனாகத் தெரிகிறான். நீர்த்துறைக்குப் போனால் மற்றப் பெண்கள் அவளை அடையாளம் கண்டு விலகிப்போகிறார்கள். சாபம் தசையைவிட்டு நீங்கிவிட்டது. பேச்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. புராணப் பாத்திரத்துக்குள் இப்படி நாள்பட்ட மனவலியை வைத்துக் காட்ட எவ்வளவு பொறுமை வேண்டும்! முன்பே 'அகல்யை' என்றொரு கதை எழுதியவர்தான் அவர். ஆறாத ஒன்றுதான் அவரை மறுபடியும் இங்கே இழுத்துவந்திருக்க வேண்டும்.

பதினான்கு வருஷ வனவாசம் முடிந்து ராமனும் சீதையும் குடிசைக்கு வரும்போது, துலங்கும் அந்தக் கணம் வருகிறது. ராமன் கோதமனோடு பேசப் போய்விடுகிறான். உள்ளே பெண்கள் இருவர். சீதை ஊர்க்கதை சொல்லுவதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள். அந்தப் போக்கிலேயே, கற்பை நிரூபிக்கத் தான் நெருப்பில் இறங்கிய சேதியும் வந்துவிடுகிறது. இடி இல்லை, அசரீரி இல்லை. அவனா அதைக் கேட்டான் என்று அகலிகை துடித்துப்போகிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்கிறாள் சீதை, சிரிப்போடு. அந்தச் சிரிப்பை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அளந்து முடியவில்லை. கசப்பா, பழகிப்போன சமாதானமா, கேட்பவளைத் தேற்றுவதா? ஆசிரியர் அதை விளக்கி உதவுவதில்லை. தன்னைக் கேள்வி கேட்காமல் மீட்டவன் தன் மனைவியிடம் கேட்டிருக்கிறான். அகலிகைக்கு அன்று துலங்கியது இவ்வளவுதான். வெளிச்சம் வந்தால் இருள் விலக வேண்டும் என்பார்கள். இவளுக்கு வந்த வெளிச்சத்தில் நிற்க இடமே இல்லாமல் போகிறது.

பிறகு எழுத்து வேகமெடுக்கிறது. ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பி நெருங்குகிறான் கோதமன். அவள் கண்ணுக்கு அவன் கோதமன் வேடத்தில் வந்த இந்திரன். பழைய கதையில் வேஷம் நிஜமாகத் தெரிந்தது; இங்கே நிஜம் வேஷமாகத் தெரிகிறது. அவள் மறுபடியும் கல்லாகிறாள். இந்தத் தடவை யாரும் சபிக்கவில்லை.

கோதமன் துறவியாகக் கைலாயத் திசையில் நடக்கத் தொடங்குகிறான். கல்லுக்குப் பக்கத்தில் இப்போது புற்று இல்லை.