குருத்தெலும்பில் ஒரு வட்டம்

எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நிற்கிறவர்கள் தூக்கிய திருவடியைப் பார்ப்பார்கள், கைகளைப் பார்ப்பார்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தத் திருமேனியின் புகைப்படங்களை மட்டுமே பார்த்து 1913இல் எழுதிய கட்டுரை 1921இல் அச்சேறியது. அன்றிலிருந்து இதைப் புகழாத கலை விமர்சகர் இல்லை. காதைப் பார்க்கத்தான் ஆள் குறைவு. சோழர் காலத்து ஆடல்வல்லான் திருமேனிகளில் பொதுவாக இரண்டு காதும் ஒன்றுபோல இருக்காது. வலக்காதில் மகரகுண்டலம், இடக்காதில் பெண்கள் அணியும் வட்டத் தோடு. குண்டலமோ தோடோ, அது நுழைய மடலில் பெரிய துளை வேண்டும். அந்தத் துளையைச் சுற்றிச் சதை மெலிந்து வளையமாகத் தொங்குவதைச் சிற்பிகள் வார்ப்புக்கு முந்தைய மெழுகிலேயே பிடித்திருக்கிறார்கள். காது வளர்த்த மனிதர்களை நேரில் பார்க்காத கைக்கு அந்த வளைவு வராது.

அந்தத் திருவாலங்காடு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தில் திருத்தணி மலைக்கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் ஓய்வதில்லை. தாய்மாமன் மடியில் குழந்தை, எதிரே மெல்லிய தங்கக் கம்பியோடு ஆசாரி, ஒரு கணம் வீறிடல், உடனே கையில் ஒரு மிட்டாய். இது எல்லோருக்கும் தெரிந்த காது. இப்போது இளைஞர்கள் சிலர் ஆசைப்படும் காது வேறு. துளை கீழ்மடலில் அல்ல, காதுத் துவாரத்தை ஒட்டிக் கிண்ணமாகக் குழிந்திருக்கும் குருத்தெலும்பில். குத்துகிறவர்கள் அதைக் காங்க் என்பார்கள். அளவும் கம்பி நுழையும் அளவல்ல. நான்கு மில்லிமீட்டர், ஐந்து, சில சமயம் எட்டு. எதிர்ப்பக்க வெளிச்சம் தெரிகிற வட்டம்.

இதை ஊசியால் செய்ய முடியாது. கீழ்மடலில் கொழுப்பும் நாரும்தான், குருத்தெலும்பு இல்லை. பொறுமையாகக் கேட்டால் விரியும். தென்மாவட்டப் பெண்கள் பாம்படமும் தண்டட்டியும் போட்டது அப்படித்தான். சிறுவயதில் குத்தி, பஞ்சு திணித்து, பிறகு பனையோலைச் சுருளைச் செருகினார்கள். சுருள் தானாக விரியப் பார்க்கும், கூடவே துளையும் விரியும். அதன்மேல் ஈயத்தில் செய்த குணுக்கு தொங்கும். தோள் தொடும் காதில் பிறகு ஏறிய பாம்படத்தைப் பார்த்தவர்கள் அத்தனை தங்கமா என்று மலைப்பார்கள். உள்ளே அரக்கு, வெளியே தகடு. ஆனால் அந்த உருண்டையும் கட்டமும் முக்கோணமும் சேர்ந்த வடிவத்தை இன்றைய நவீன நகை வடிவமைப்பாளர் ஒருவர் தன்னுடையது என்று சொன்னால் நம்பிவிடலாம், அவ்வளவு கச்சிதம்.

குருத்தெலும்புக்கு அந்த இணக்கம் கிடையாது. அதில் ரத்தக்குழாய் இல்லை. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் உணவு கசிந்து வருகிறது. இழுத்தால் நீளாது, வெடிக்கும். மெல்லிய ஊசி ஒரு கீறல் போட்டு இருபுறமும் ஒதுக்குகிறது; ஒன்றரை மில்லிமீட்டருக்கு அது போதும். அதற்கு மேல் நகையைத் திணித்தால் சுற்றியுள்ள குருத்தெலும்பு நெருக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், வலி மாதக்கணக்கில் போகாது. எனவே சதையை ஒதுக்காமல், துளைக்கு வேண்டிய வட்டத்தை வெட்டி எடுத்துவிடுகிற கருவி வேண்டியிருக்கிறது.

அந்தக் கருவியைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் ஓட்டுகிற எவரிடமாவது காட்டினால் விளக்கமே தேவையில்லை: பஞ்ச். நுனி வட்டமாகக் கூர்தீட்டிய சின்ன உருக்குக் குழாய், பிடிக்க ஒரு பிளாஸ்டிக் காம்பு. தகட்டில் துளை போடும்போது பார்க்கிற அதே விஷயங்களைத்தான் இங்கும் பார்க்க வேண்டும். பஞ்ச் மழுங்கியிருந்தால் ஓரத்தில் பர் என்ற பிசிறு நிற்கும். சாய்ந்து இறங்கினால் வட்டம் முட்டையாகும். வெட்டுப்பட்ட வில்லை, அதாவது ஸ்லக், முழுசாக வந்தால்தான் வேலை சுத்தம். தகட்டுக்கு அடியில் அதைத் தாங்க டை இருக்கும். காதுக்குப் பின்னால் ஒரு கார்க்.

உண்மையில் இது தோல் மருத்துவர்களின் கருவி. அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் கீஸ் 1887இல் இதைப் பற்றி எழுதினார். தோலில் சந்தேகமான இடத்திலிருந்து ஒரு வில்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க இன்றும் இது வழக்கமான வழி. நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் நான்கு மில்லிமீட்டர் பஞ்சால் பின்தலையிலிருந்து முடியுள்ள வில்லைகளை எடுத்து வழுக்கையில் நட்டு, 1959இல் அதை வெளியிட்டார். சென்னையில் இன்று தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் முடி நடும் கிளினிக்குகளின் பூர்வீகம் அங்கேதான். அவர்கள் பஞ்ச் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. காது அலங்காரத்துக்கு இது வந்தது பிறகு.

நல்ல கை வேலை செய்வதைப் பார்ப்பது தனி ரசனை. காதை முன்னும் பின்னும் கிருமிநாசினியால் துடைத்தாயிற்று. மரப்பு ஊசி போட்டாயிற்று. அடுத்து டார்ச். காதுக்குப் பின்னால் ஒளி பிடித்தால் காது சிவந்து விளக்குப்போல ஒளிரும், தோலில் ஓடும் ரத்தக்குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அவற்றை விட்டு விலகி ஊதாப் பேனாவால் ஒரு புள்ளி, பின்பக்கமும் அதற்கு நேராக ஒரு புள்ளி. பஞ்சைச் செங்குத்தாக நிறுத்தி, அழுத்துவதைவிட அதிகமாகத் திருக வேண்டும். முதலில் தோலின் வழவழப்பு, அடுத்து குருத்தெலும்பின் நறநறப்பு. நறநறவென்ற அந்தச் சத்தம் செய்கிறவருக்கு மட்டுமல்ல, காதுக்குச் சொந்தக்காரருக்கும் மண்டைக்குள் கேட்கும். மறுபக்கத் தோலும் விட்டதும் எதிர்ப்பு சட்டென்று அற்றுப்போகிறது. குழாய்க்குள் தங்கும் வில்லையைத் தட்டினால் விழுவது மூன்று அடுக்கு: இருபுறமும் தோல், நடுவில் பால்வெள்ளை. ரத்தம் நின்றதும் அதே அளவுள்ள நகை, திணிக்காமல் போய் உட்காரும்.

டார்ச் வெளிச்சம் புதிய யோசனை இல்லை. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறது. காதை இழுத்துப் பிடித்து, சூரிய ஒளி ஊடுருவித் தெரியும் இடத்தில் குத்து என்கிறது அது. ஆணுக்கு முதலில் வலது, பெண்ணுக்கு முதலில் இடது. மூன்று நாளுக்கொரு முறை தடித்த திரி மாற்றித் துளையை வளர்க்கலாம். அறுந்துபோன காதைச் சேர்க்கப் பதினைந்து முறைகளையும் அது சொல்கிறது. வளர்த்தவர்களுக்கு அறுந்துபோவதும் நடந்தபடியே இருந்திருக்கிறது என்று அந்தப் பதினைந்திலிருந்து ஊகிக்கலாம்.

குருத்தெலும்பில் பெரிய துளை என்றால் நம் நாட்டில் உண்மையான முன்னோடிகள் வடக்கே இருக்கிறார்கள். கோரக்கநாதரைக் குருவாகக் கொண்ட கன்பட்டா யோகிகள். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வடக்குப் பொய்கைநல்லூரில் சமாதி இருப்பதாக நாம் கும்பிடும் கோரக்கரும் இந்த மரபோடு சேர்த்துப் பேசப்படுகிறவர்தான். தீட்சையின்போது குரு இருபுறமும் கூருள்ள கத்தியால் காதின் நடுக்குருத்தெலும்பைப் பிளந்து, வேப்பங்குச்சியைச் செருகிவிடுவார். ஆறிய பிறகு கனத்த வளையம் ஏறும். காண்டாமிருகக் கொம்பு, கண்ணாடி, வசதியிருந்தால் இன்னும் விலை கூடியது. ஜார்ஜ் வெஸ்டன் பிரிக்ஸ் 1938இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். வேம்பைத் தேர்ந்தது சும்மா இல்லை, அது கிருமிக்குப் பகை. ஆனாலும் கத்தி பிளக்கத்தான் செய்கிறது. பிளவுக்கு முனை உண்டு, முனையிலிருந்து கிழிசல் ஓடும். வட்டத்துக்கு முனை இல்லாததால் இழுவை சுற்றிலும் பகிர்ந்துபோகிறது. பஞ்ச் கத்தியை மிஞ்சுவது இந்த ஒரு காரணத்தால்தான்.

யார் செய்வது என்பதில் தயவு தாட்சண்யம் கூடாது. மரப்பூசி போட்டுச் சதையை வெட்டி எடுப்பது அறுவை சிகிச்சை. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்ததற்காக இருவர் கைதானார்கள், கடைக்கு சீல் வைக்கப்பட்டது. காதுக்கும் அதே நியாயம்தான். பிளாஸ்டிக் சர்ஜனோ தோல் மருத்துவரோ செய்ய வேண்டிய வேலை. நகைக்கடைகளில் துப்பாக்கியால் அடிப்பது கீழ்மடலுக்கே அரை மனதோடு ஒப்புக்கொள்ளக்கூடியது. குருத்தெலும்பில் அது அராஜகம். மழுங்கிய கம்மலை அதிரடியாக உள்ளே தள்ளுகிற யந்திரம் அது.

ஆறுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். தினமும் உப்புநீரில் கழுவ வேண்டும், நகையைத் திருகி விளையாடக் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. காது சிவந்து, சூடாகி, கீழ்மடல் மட்டும் தப்பி மற்ற பகுதி வீங்கினால் அது உறையில் தொற்று. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இதில் கெட்டிக்காரன். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் குருத்தெலும்பு கரைந்து காது காலிஃபிளவராகச் சுருங்கும். காயம் பட்ட இடமெல்லாம் தழும்பு புடைத்து வளர்கிற உடம்புக்காரர்கள் இந்த ஆசையையே விட்டுவிடலாம்.

கும்மிடிப்பூண்டி உருட்டாலையிலோ காக்களூர் பட்டறையிலோ ஷிப்ட் பார்க்கிறவருக்குக் கூடுதல் கணக்குகள் உண்டு. இரும்புத்தூள் பறக்கிற காற்று புதுக்காயத்துக்கு ஆகாது. சத்தத்துக்குப் போடும் காதடைப்பான் காங்கை உரசித்தான் உள்ளே போகும். தலையில் மாட்டும் வகையோ அதையே அழுத்தும். இயந்திரத்தருகே நகை கூடாது என்பார் பாதுகாப்பு அதிகாரி, அவர் சொல்வது சரி. எனவே நீண்ட விடுப்பு இல்லாதவர்கள் இதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

நகையில் கஞ்சத்தனம் கூடாது. உடலுக்குள் வைக்கும் தர டைட்டானியம் முதல் தேர்வு, வழவழப்பான கண்ணாடி பிறகு. அளவுக்கு கேஜ் எண் சொன்னால் குழப்பம் வரும்: கம்பி இழுக்கிற கணக்கு என்பதால் எண் ஏற ஏறத் தடிமன் குறையும், பதினான்கு என்றால் 1.6 மில்லிமீட்டர், ஆறு என்றால் நான்கு, பூஜ்யம் என்றால் எட்டு. மில்லிமீட்டரிலேயே பேசிவிடலாம். அழகுக் கணக்கில் நான்கும் ஐந்தும் போதும். காங்கின் குழிவு அந்த வட்டத்தைச் சுற்றி இன்னும் தெரியும், நிழலுக்கும் இடம் இருக்கும். எட்டைத் தாண்டினால் காது காணாமல்போய் ஓட்டைதான் மிஞ்சுகிறது. மனம் மாறினால் வளர்த்த கீழ்மடலை வெட்டித் தைத்துவிடலாம். பாம்படம் கழற்றிய பெண்கள் பலர் அப்படிச் செய்துகொண்டார்கள். பஞ்சில் வந்த வில்லையைத் தூக்கிப்போட்ட பிறகு குருத்தெலும்பு அந்த இடத்தில் திரும்ப வளர்வதில்லை, பெரிய துளையை மூட வேறிடத்துத் தோலையும் குருத்தெலும்பையும் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கும்.