மருதத்து மீனவர்: நிலவுரிமையும் நீருரிமையும்

மருதத்திணைப் பாடல்களை ஆராய்ந்தோர் அவற்றின் உரிப்பொருளாகிய ஊடலையும், அதற்குத் துணையாக வரும் உள்ளுறையையும் நுணுகி விளக்கியுள்ளனர். வயலும் பொய்கையும், எருமையும் நாரையும் கருப்பொருள் என்ற அளவில் நின்றுவிட்டன. அக்கருப்பொருளுக்குள் வாழ்வியல் வினா ஒன்று மறைந்து கிடக்கிறது. நிலம் ஒருவனுக்கு உரியதாயின், அந்நிலத்தின் ஊடே நிற்கும் நீரும், நீருள் திரியும் மீனும் அவனுக்கே உரியனவோ? இவ்வினாவை மருதப் பாடல்களின்மேல் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஐங்குறுநூற்றை நோக்குவோம். ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில் 47, 48, 49 ஆம் பாடல்கள் மூன்றிலும் பாண்மகள் ஒருத்தி வருகிறாள். வட்டியில் மீன் கொணர்ந்து சொரிகிறாள். அதற்கு ஈடாகப் பயறோ நெல்லோ பெற்று மீள்கிறாள். முதலிரு பாடல்களில் வட்டியை நிறைத்துக் கொடுப்பவள் மனையோள். மூன்று பாடல்களும் ஊரனை விளித்து அவனது பரத்தமையைக் கடிவன. ஆகவே, பண்டமாற்றுக் காட்சியைத் தலைவனது ஒழுக்கத்திற்கு ஏற்றி உள்ளுறை காண்பது மரபு. அவ்வுரையை யாம் மறுக்கவில்லை. ஆயினும், உள்ளுறைக்கு நிலைக்களமாகிய காட்சி உலக வழக்கை ஒட்டியதாக இருந்தாலன்றி உள்ளுறை கேட்போர் நெஞ்சிற் பொருந்தாது. எனவே, அக்காட்சியைத் தனியே எடுத்து ஆராய்வது பிழையாகாது.

ஊரன் என்பான் நிலக்கிழான். அவன் மனைவி தன் ஊரில் விற்கப்படும் மீனுக்கு நெல் அளக்கிறாள். மீன் ஊரனுடைய உடைமையாக இருந்திருப்பின், அதனைப் பிடித்துத் தந்தவளுக்குக் கூலி கிடைத்திருக்கும்; அன்றி, பிடித்த மீனில் ஒரு கூறு வாரமாக மனைக்கு வந்திருக்கும். பாடல்களில் கூலியும் இல்லை, வாரமும் இல்லை. உள்ளது மாற்று ஒன்றே. மாற்று என்பது இருவேறு உடைமையாளரிடையே நிகழ்வது. நெல் ஊரனுடையது, மீன் பாண்மகளுடையது. மீன் நீரில் உள்ளவரை எவருடையதாயினும், வலையில் ஏறியபின் வலைக்குரியாருடையது என்ற கருத்து இங்கே அடங்கியிருப்பதாக யாம் கொள்கிறோம்.

இதற்குத் தடை கூறுவார் இருவகையாகக் கூறலாம். மீன் பிடித்த நீர்நிலை ஊரனுக்கு உரியது என்று பாடல் சொல்லவில்லை என்பது ஒன்று. பாணர் ஊரனை அண்டி வாழ்ந்தோர் ஆதலின், நெல் விலையன்று, கொடையே என்பது மற்றொன்று. முதல் தடை ஏற்புடையது. பாடல் நீர்நிலையின் உடைமையைச் சுட்டவில்லை. ஆனால், உடைமை சுட்டாமையே ஒரு செய்தியாகும். வயலை ஊரனோடு சார்த்திக் கூறத் தவறாத புலவர்கள், மீனை அவ்வாறு சார்த்த வேண்டும் என்று எண்ணவில்லை. இரண்டாம் தடை வலியற்றது. கொடை பெறுவோர் பண்டம் கொண்டு வருவதில்லை. பாண்மகளோ மீனைச் சொரிந்த பின்னரே நெல் பெறுகிறாள்.

பெரும்பாணாற்றுப்படையின் வைப்புமுறையும் இங்குக் கருதத்தக்கது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் உழவரின் விருந்தோம்பலைக் கூறி, கரும்பு ஆலைகளின் ஒலியையும் சாற்றையும் கூறி, அடுத்து வலைஞர் குடியிருப்பைப் பாடுகிறார். அதன்பின் மூங்கிற்கோலும் தூண்டிலும் கொண்டு மடுவின் கரையில் நிற்போர் வருகின்றனர். கடற்பட்டினம் இவற்றிற்கெல்லாம் பின்னரே வருகிறது. வலைஞர் அரிசி கொண்டு கள் சமைப்போர். அதனைச் சுட்ட மீனொடு தருவோர். அவர் வலையிடுவது குளத்தில். அவர் வீட்டில் உள்ளது நெல்லரிசி. இருந்தும், மீன்பிடி என்றவுடன் நெய்தல் என்று கொள்ளும் பழக்கத்தால், இப்பகுதியை நெய்தலின்பாற் படுத்துவாரும் உளர். பாட்டின் வைப்புமுறை அதற்கு இடந்தரவில்லை. கரும்பாலைக்கும் வலைஞர் முற்றத்திற்கும் இடையே திணை எல்லை ஒன்றைப் புலவர் வரையவில்லை.

இவ்வைப்புமுறையை இன்றும் நிலத்தில் காணலாம். கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பம் வடக்கே தென்பெண்ணையும் தெற்கே கெடிலமும் ஓடும் நிலப்பகுதியில் உள்ளது. பாரி நிறுவனத்தாரின் சர்க்கரை ஆலை 1842 முதல் அங்கு நிலைபெற்றது. கரும்பு வயலும், ஆற்றுக்காலும், ஏரியும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் அத்தகைய நாட்டில், ஏரிக்கோ ஆற்றுக்கோ செல்லும் வழி பெரும்பாலும் ஒருவரது வரப்பின்மேலேயே செல்லும். குப்பம் என்னும் சொல் இன்று கடற்கரைச் சிற்றூரை நினைவூட்டினும், வடதமிழ் மாவட்டங்களில் உள்நாட்டுச் சிற்றூர்க்கும் அது வழங்கும். ஆதலின் ஊர்ப்பெயரைக் கொண்டு அதனை மீனவர் ஊர் எனத் துணிதல் கூடாது. இங்குச் சான்றாவது பெயரன்று, நில அமைப்பே.

நிலமும் நீரும் இருவேறு பொருள் என்ற தெளிவு சங்கச் சான்றோர்க்கு இருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடிய புறப்பாட்டு (18) இதற்குச் சான்று. உணவாவது நிலமும் நீரும் கூடியது என்றும், அவ்விரண்டையும் கூட்டி வைத்தோரே உடம்பையும் உயிரையும் படைத்தோர் என்றும் அப்புலவர் அரசனுக்கு அறிவுறுத்துகிறார். இரண்டு பொருள்களைத்தான் கூட்ட இயலும். நிலத்தின் ஓர் உறுப்பே நீர் என்று கொண்டிருப்பின், கூட்டுதல் என்னும் கருத்துக்கே இடமில்லை.

இத்தெளிவு பிற்காலத்தில் மங்கியது. அம்மங்கலை இலக்கண நூல்களிலேயே காணலாம். தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணியபோது தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என எண்ணிற்று. பூவும் புள்ளும் ஒரு நிலத்திற்குரியன பிற நிலத்து வருதலையும் உடன்பட்டது. 13 ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நம்பியகப்பொருள் இவ்வெண்ணை 14 ஆக்கியது. உயர்ந்தோர், அல்லோர், நீர் ஆகியவை புதிய தலைப்புக்களாயின. மருதத்து உயர்ந்தோர் ஊரனும் மகிழ்நனும். அல்லோர் உழவரும் கடையரும். பரதரும் நுளையரும் நெய்தலுக்கு ஒதுக்கப்பட்டனர். மருதத்துத் தொழில்களுள் களைகட்டலும் நெல்லரிதலும் குளங்குடைதலும் புதுநீராடலும் இடம் பெற்றன. மீன்பிடித்தல் இடம் பெறவில்லை. நீர் ஒரு தலைப்பாக ஏறிய அதே நூலில், அந்நீரில் வலையிடுவோன் மருதத்தினின்று இறங்கிவிட்டான். ஐங்குறுநூற்றுப் பாண்மகளுக்கும் பெரும்பாணாற்றுப்படை வலைஞர்க்கும் இவ்வட்டவணையில் இருக்கை இல்லை. இது நம்பியின் குறையென்று கூறுதல் பொருந்தாது. வகைப்பாடு என்பது விளக்கத்திற்கு எழுந்த கருவி. அக்கருவியையே நாட்டின் படமாகக் கொண்டது பின்வந்தோர் செயல்.

கல்வெட்டுக்கள் வேறொரு செய்தி தருகின்றன. சோழர் காலச் சாசனங்களில் வரும் பாசிப்பாட்டம் என்பது ஏரிமீன் பிடிக்கும் உரிமைக்கு இறுக்கும் பாட்டம். அவ்வருவாய் ஏரியின் பராமரிப்புக்குப் பயன்பட்டதுண்டு. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள் (919, 921) குறிக்கும் ஏரிவாரியம் போன்ற ஊரமைப்புக்கள் நீர்நிலையைப் பொதுவில் பேணின. மீன் இங்கே தனியார் வயலின் விளைவாகவன்றி, ஏரியின் வருவாயாக எண்ணப்பட்டது. ஊர்ப்புறங்களில் ஏரிமீன் ஏலத்தை மீன்பாசி ஏலம் என இன்றும் வழங்கும் வழக்கில் பழஞ்சொல் வாழ்கிறது.

இக்காலச் சட்டமும் இதே முடிச்சை அவிழ்க்க முயன்று வந்துள்ளது. 1897 ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் தனியார் நீர் எதுவென வரையறுத்து, அதன் விளக்கத்தில், பிறர்க்கு வழக்கத்தால் மீன்பிடி உரிமை உண்டு என்ற ஒரு காரணத்தால் மட்டும் அந்நீர் தனியார் நீர் ஆகாமற் போகாது என்றது. உடைமையாளனைக் காக்க எழுந்த விதி அது. ஆனால், உடைமை ஒருவனிடமும் வழக்குரிமை பிறரிடமும் ஒரே நீரில் உடன் நிற்றல் கூடும் என்பதனை அதுவே ஒப்புக்கொள்கிறது. சென்னை மாகாணத்து 1948 ஆம் ஆண்டு நிலவுடைமை ஒழிப்புச் சட்டம் ஆறு, ஏரி, மீன்வளம் ஆகியவற்றை எஸ்டேட்டுக்களோடு அரசுக்கு உரியவாக்கியது. சிலிகா ஏரி பற்றிய வழக்கில் 1955 இல் உச்ச நீதிமன்றம், பிறர் இடத்துட் புகுந்து மீன் பிடித்துச் செல்லும் உரிமை அசையாச் சொத்தின்பாற் பட்டது என்றும், எழுத்தும் பதிவும் இன்றி அது கைமாறாது என்றும் தீர்த்தது. ஏட்டில் ஏறாத வழக்கத்தை நம்பி வாழ்வோர்க்கு இத்தீர்ப்பின் விளைவு எளிதன்று.

நெய்வேலிப் பகுதி இதன் கூர்மையை உணர்த்தும். 2023 சூலையில் பரவனாற்றின் போக்கை மாற்றும் கால்வாய்க்காக வளையமாதேவி வயல்களில் நின்ற பயிரூடே எந்திரங்கள் இறங்கின. வயலுக்குப் பட்டா உண்டு; பயிருக்கு விலை உண்டு. ஆற்றில் இறங்கும் வழக்கத்திற்குப் பட்டா எது? 2013 ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தற் சட்டம் நீர்நிலைகளைச் சார்ந்து வாழும் மீனவர் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்னும் வரையறைக்குள் வைத்தது. நிலத்தைப் பற்றிய சட்டத்தில் நீரால் வாழ்வோர்க்கு ஓரிடம் கிடைத்தது. நம்பியின் அட்டவணை விட்டதை அவ்வரையறை ஒருவாறு மீட்டது எனலாம்.

சங்கப் பாடலை வழக்கு மன்றத்தில் ஆவணமாக நீட்டுதல் தகாது. புலவர் உரிமைச் சாசனம் எழுதவில்லை, ஊடலைப் பாடினர். எனினும், பாடலிற் பயின்றுவரும் வழக்கம் ஒன்று மக்களிடையே இன்றும் உயிரோடிருப்பின், அதனை வழக்கம் என்று அறிந்துரைப்பது ஆய்வாளர் கடமை. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டத்துக் கண்மாய்களில் அறுவடை முடிந்து நீர் வற்றும் கோடையில் மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. கரையில் நின்று வெள்ளைத்துணி வீசியவுடன், ஊரார் அனைவரும் ஊத்தாவும் கச்சாவும் ஏந்தி இறங்குகின்றனர். பிடித்த மீன் விற்பனைக்கன்று, உலைக்கே செல்லும். அன்று கண்மாய்க் கரையில் பட்டா கேட்பார் இல்லை. மருதப் பாடல்களுக்கு உரை எழுதப் புகுவோர் அட்டவணையோடு இக்கரையையும் ஒருமுறை காணல் வேண்டும். கருப்பொருள் என்று நாம் கடந்துபோகும் வரியில், ஒருவன் வயலும் மற்றொருத்தி வட்டியும் ஒரே நீரால் நிறைகின்றன. அவ்விரு நிறைவையும் காட்டும் உரையே மருதத்திற்கு முழுமையான உரையாகும்.