ஜெயமோகன்: நாவலில் நின்ற ஆட்டம், திரையில் அடித்த ஓட்டம்

ஜெயமோகனின் முதல் நாவலான ‘ரப்பர்’ 1990இல் வந்தது. அகிலன் நினைவுப் பரிசு அதற்குக் கிடைத்தது. திரையில் அவர் பெயர் வந்தது 2005இல், லோகிததாஸ் தமிழில் இயக்கிய ‘கஸ்தூரி மான்’ படத்தின் வசனகர்த்தாவாக. நடுவில் கழிந்த பதினைந்து ஆண்டுகளில் அவர் எழுதியவற்றைத் தள்ளிவைத்துவிட்டு அவருடைய திரைப்பணியை எடைபோட முடியாது.

1962இல் பிறந்த குமரி மாவட்டத்துக்காரர் அவர். தொலைபேசித் துறை ஊழியராகக் காசர்கோட்டிலும் பிறகு தருமபுரியிலும் வேலை பார்த்தார். 1997இல் வெளியான ‘விஷ்ணுபுரம்’ பெரும்பாலும் அந்தத் தருமபுரி நாட்களின் உழைப்பு. அரசு வேலை, குடும்பம், இரவில் எழுத்து என்று ஓடிய காலம் அது. அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பிருந்தே ஓசூரைத் தாண்டி பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளராக இருந்துகொண்டு சுஜாதா நாவலும் சினிமாவும் எழுதினார். மாதச் சம்பளத்தில் நின்றுகொண்டு இலக்கியம் செய்தவர்கள் இருவரும். ஆனால் சுஜாதாவுக்கு வாரப் பத்திரிகையின் பெரும் வாசகர் கூட்டம் தொடக்கத்திலேயே இருந்தது. ஜெயமோகன் சிறுபத்திரிகை வழியாக வந்தவர்.

‘விஷ்ணுபுரம்’, ‘பின்தொடரும் நிழலின் குரல்’ (1999), ‘காடு’, ‘ஏழாம் உலகம்’ (இரண்டும் 2003), ‘கொற்றவை’ (2005) ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ஒன்றின் நடை இன்னொன்றில் இல்லை. ஐந்துநாள் டெஸ்டில் இரண்டு நாள் நின்று ஆடும் மட்டையாளரின் பொறுமை இவற்றில் தெரிகிறது. அந்தப் பொறுமைக்கு இடம் தராத களம் திரைவசனம். ஒரு காட்சிக்கு இரண்டு நிமிடம். அதில் இயக்குநர், நடிகர், படத்தொகுப்பாளர் எல்லோருக்கும் பங்கு உண்டு.

இந்த இரண்டு களங்களும் மோதிய இடம், ‘ஏழாம் உலகம்’ நாவலைத் தழுவி பாலா இயக்கிய ‘நான் கடவுள்’ (2009). ‘ஏழாம் உலகம்’ நாவலில் ஊனமுற்ற பிச்சைக்காரர்களை ‘உருப்படி’ என்று சொல்லி வாங்கி விற்கும் பண்டாரம், மகள்களின் கல்யாணக் கவலையில் தூங்காத பாசமுள்ள அப்பாவாகவும் இருக்கிறார். நாவலின் பயங்கரமே அதுதான். படத்தில் இந்த உலகத்தின் மேல் காசியிலிருந்து வரும் அகோரி ஒருவன் வந்து நின்றான். பண்டாரத்தின் இடத்தைத் தாண்டவன் என்ற அசல் வில்லன் பிடித்துக்கொண்டான். பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது இந்தப் படத்துக்காகக் கிடைத்தது. பிச்சைக்காரர்கள் தங்களுக்குள் கேலி பேசிச் சிரிக்கும் காட்சிகளில் நாவலாசிரியரின் கை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நாவல் எழுப்பிய அறக்கேள்வி, கெட்டவனை அடித்துக் கொல்வதோடு முடிந்துபோனது. திரையில் அவருக்கு நேர்ந்த பெரிய இழப்பு இது.

அடுத்த ஆண்டே வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ அதை ஓரளவு ஈடுகட்டியது. ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் தென்மாவட்டப் பிள்ளைகளின் பேச்சை அந்த வசனங்கள் மிகையில்லாமல் பிடித்தன. ஓசூரின் தொழிற்பேட்டைகளில் ஷிப்டு முடித்து விடுதிக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய உழைப்பின் அளவைப் பார்க்க வேண்டிய காலம் 2014 முதல் 2020 வரை. மகாபாரதத்தை மறுபுனைவு செய்த ‘வெண்முரசு’ 2014 ஜனவரி 1இல் தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயமாக வந்து, 26 நாவல்களாக 2020 ஜூலையில் முடிந்தது. இதே ஆண்டுகளில்தான் ‘காவியத் தலைவன்’, ‘பாபநாசம்’, ‘2.0’, ‘சர்கார்’ படங்களிலும் அவர் பெயர் இருந்தது. சினிமாவுக்குப் போனால் எழுத்து கெடும் என்று தமிழில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இவர் விஷயத்தில் அது பலிக்கவில்லை.

திரையில் அவருடைய உச்ச ஆட்டம் அதன் பிறகு வந்தது. ‘வெந்து தணிந்தது காடு’ 2022 செப்டம்பர் 15இல் வெளியானது. பதினைந்து நாளில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம். 2023 மார்ச் 31இல், அவருடைய ‘துணைவன்’ சிறுகதையை வைத்து வெற்றிமாறன் எடுத்த ‘விடுதலை’. ஏப்ரல் 28இல் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம். எட்டு மாதத்துக்குள் நான்கு படங்கள், மூன்று இயக்குநர்கள். கல்கியின் ஐந்து பாக நாவலை இரண்டு படங்களுக்குள் அடக்கும் திரைக்கதையில் மணிரத்னம், இளங்கோ குமரவேலுடன் அவரும் இருந்தார். வசனம் முழுக்க அவருடையது. கல்கியின் வாசகர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் உரையாடல்களை அப்படியே எடுத்து வைக்காமல், நாடகத்தனம் இல்லாத எளிய நல்ல தமிழை அரசர்களுக்கும் வீரர்களுக்கும் கொடுத்தது துணிச்சலான முடிவு. பலித்த முடிவும்கூட.

பெரிய நட்சத்திரப் படங்களில் அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ‘2.0’ படத்தில் கிராபிக்ஸ் பேசியது. எழுத்து பின்னால் நின்றது. இதில் குறை அவரிடம் மட்டும் இல்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நாடகம் என்பது எழுத்தாளரின் சொத்து. டென்னிஸ் பாட்டர் எழுதி 1986இல் பிபிசி ஒளிபரப்பிய ‘தி சிங்கிங் டிடெக்டிவ்’ தொடரை இன்றும் பாட்டரின் படைப்பு என்றே சொல்கிறார்கள். தமிழ் சினிமா இயக்குநரின் களம். எழுத்தாளர் அங்கே அழைக்கப்பட்ட ஆட்டக்காரர்.

திரையில் கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் அவர் கையில் இருந்த படம் ஒன்று உண்டு: மதுபால் இயக்கிய ‘ஒழிமுறி’ (2012). தென் திருவிதாங்கூரில் பெண்வழிச் சொத்துரிமையான மருமக்கள்தாய முறை உடைந்தபோது ஒரு குடும்பத்துக்குள் மாமியார், கணவன், மனைவி, மகன் என்று ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்பதை அது சொல்கிறது. கொடுமைக்காரனாகத் தெரியும் தந்தையையும் கடைசிவரை மனிதனாகவே நிறுத்துகிறது. ‘நான் கடவுள்’ தவறவிட்டது இங்கே முழுதாகக் கிடைத்தது. அவருடைய திரை எழுத்தில் முதலிடம் இந்தப் படத்துக்குத்தான். ஆனால் அது மலையாளப் படம். அதே சுதந்திரத்தைத் தமிழ்த் தயாரிப்பாளர் ஒருவர் அவருக்குத் தர வேண்டும். ‘காடு’ நாவலிலிருந்தே தொடங்கலாம்.