கடற்கரை நினைவுச் சின்னங்களும் கடல் கடந்தோர் பெயரும்

கல்லிலே நினைவை நிறுத்துதல் தமிழர்க்குப் பழைய வழக்கு. போரிற் பட்ட வீரனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறையாக வகுத்துரைக்கும். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்துக் காதைகளுட் சில இத்துறைப் பெயர்களையே தம் பெயராகக் கொண்டுள்ளன. தக்க கல்லைக் காணுதல் முதல் வாழ்த்துதல் ஈறாக அமைந்த இம்முறையில், கல்லின் உயரத்துக்கென ஒரு துறை வகுக்கப்படவில்லை என்பது நோக்கற்பாலது. இறந்தவன் பெயரும் அவன் ஆற்றிய செயலும் கல்லிற் பொறிக்கப்பெற்றன. கல்லும் வழிச்செல்வோர் கண்டு செல்லும் இடத்தே நாட்டப்பெற்றது. ஆகவே இடம், செயல், பெயர் என்னும் மூன்றும் ஒரு நினைவுச் சின்னத்தின் உறுப்புகள் எனக் கொள்ளலாம். இம்மூன்றினுள் ஒன்று குறையின் சின்னம் அந்த அளவுக்குக் குறையுடையதே.

இவ்வளவுகோலைக் கொண்டு கடற்கரை ஊர்களின் சிலைகளையும் நினைவுச் சின்னங்களையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நமுனுகுல மலைச்சாரலிலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த பசறையில் வாழ்வோர்க்குக் கடற்கரைச் சின்னங்களாற் பயன் என்னை என வினவுவார் உளராகலாம். ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை என்பது உண்மையே. ஆயினும் இத்தோட்டங்களில் வாழும் தமிழர் குடும்பங்களின் வரலாறு பாக்கு நீரிணையைக் கடந்தன்றோ தொடங்குகின்றது? மலையில் வாழும் இம்மக்களுக்கும் கடற்கரையில் ஒரு கடன் தீர்க்கப்படாமல் இருக்கின்றது. அதனை இறுதியிற் காணலாம்.

நெய்தல் நில மக்கள் தமக்கென ஒரு சின்னம் உடையராய் இருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாமீனின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வழிபட்டனர் எனப் பட்டினப்பாலை கூறும். அக்கொம்பு அவர்தம் வலையிலே பட்டது. அவர்தம் தொழிலிலே பெற்றது. வேந்தன் அளித்ததன்று, வணிகன் கொடுத்ததுமன்று. கடல் தரும் உணவும் கடல் தரும் அச்சமும் ஒருங்கே அதில் அடங்கின. கடற்கரைப் பொதுவிடத்துக் கலைக்கு இதனினும் எளியதும் பொருத்தமானதுமான தொடக்கத்தைக் காண்டல் அரிது.

இக்காலத் தமிழகக் கடற்கரையிலே தலைசிறந்து நிற்பது கன்னியாகுமரியில் உள்ள திருவள்ளுவர் சிலை. கணபதி ஸ்தபதியின் திறத்தால் உருவாகி 2000ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் திறந்துவைக்கப்பெற்ற அச்சிலை, 38 அடிப் பீடமும் 95 அடித் திருவுருவமுமாக 133 அடி உயர்ந்து நிற்கின்றது. அறத்துப்பாலின் அதிகாரத் தொகையைப் பீடத்திலும், நூல் முழுவதன் அதிகாரத் தொகையை மொத்த உயரத்திலும் அமைத்த நுண்மை பாராட்டற்குரியது. ஆயினும் அது கடலில் நிற்கும் சிலையேயன்றிக் கடலைப் பற்றிய சிலையன்று. அதன் அடியில் நாள்தோறும் மரம் செலுத்திச் செல்லும் மீனவன் அதனைத் தன் தமிழின் பெருமையாகக் காண்பான். தன் வாழ்வின் நினைவாகக் காணான். இது சிலையின் குற்றமன்று. கடற்கரையில் நிற்பன யாவும் கடலோடிகளின் சின்னங்கள் என மயங்குதலே குற்றம்.

சென்னை மெரீனாவில் உள்ள உழைப்பாளர் சிலையோ பிறிதொரு வகையினது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராய் விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அதில், நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். உடலின் முறுக்கமும் தசையின் திரட்சியும் உழைப்பு என்னும் செயலைக் கண்முன் நிறுத்துகின்றன. செயல் என்னும் உறுப்பு இங்கே நிறைவுற்றது. ஆயின் அப்பாறை எந்தப் பாறை, அந்நால்வர் எவ்வூரார் என்னும் வினாவுக்கு விடையில்லை. உழைப்பாளர் அனைவர்க்கும் பொதுவாகிய சிலை எந்த உழைப்பாளிக்கும் தனியுரிமை உடையதாகாது. கடல் அதற்குப் பின்திரையாக அமைந்ததேயன்றிப் பொருளாக அமையவில்லை.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் இருநாட்டுக் கடற்கரைகளிலும் நினைவுச் சின்னங்கள் பல தோன்றின. தென்னிலங்கைப் பெரலியவில், அலையிற் சிக்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட புகைவண்டியின் நினைவாக, பாமியான் புத்தர் வடிவைத் தழுவிய நெடிய சிலை ஒன்று யப்பானிய உதவியுடன் எழுப்பப்பெற்றது. சிலையின் அமைதி துயருற்றார்க்கு ஆறுதல் அளிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்விடத்தில் மாண்டவர் பல சமயத்தவர், பல ஊரவர், கொழும்பிலிருந்து வீடு திரும்பியவர். அவர்தம் தனித்தனி வாழ்வு ஒரு பேருருவின் நிழலிலே மறைந்துபோதலும் கூடும். துயரைப் பொதுமையாக்கும்போது ஆறுதல் பெருகும், நினைவு குறையும். நினைவுச் சின்னம் அமைப்போர் எதிர்கொள்ளும் பெருஞ்சிக்கல் இதுவே.

இச்சிக்கலுக்கு ஒருவகை விடை அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து மீன்பிடி ஊராகிய குளொஸ்டரிலே கிடைக்கின்றது. அவ்வூர் தமிழர்க்கு முற்றும் அயலானதன்று. வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், வல்வை மாலுமிகளால் செலுத்தப்பெற்று, செங்கடலும் நடுநிலக்கடலும் அத்திலாந்திக் பெருங்கடலும் கடந்து 1938ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் சென்றடைந்த துறை அது. அதனை விலைக்கு வாங்கிய அமெரிக்கர் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றியிருந்தார். கப்பலின் தமிழ்ப்பெயர் பலகையிலிருந்து நீங்கிற்றாயினும் வல்வை மக்களின் வாயிலிருந்து நீங்கவில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் தகும்.

அக்கப்பல் குளொஸ்டரை அடைந்தபோது, லெனாட் கிறாஸ்க் வடித்த மீனவர் சிலை அத்துறையை நோக்கி நிறுவப்பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. எட்டடி உயரமே உடைய வெண்கலச் சிலை அது. மழையங்கி அணிந்த ஒருவன் சுக்கானைப் பற்றி, முன்னே குனிந்து, காற்றை எதிர்த்துக் கடலை உற்றுநோக்குகின்றான். வெற்றிப் பெருமிதம் அவன் முகத்தில் இல்லை. தொழிலிற் பதிந்த கவனமே உள்ளது. இடமும் செயலும் இங்கே இயைந்தன. பெயரோ தொடக்கத்தில் இல்லை. பிற்காலத்தே, கடலில் மாண்ட அவ்வூரார் 5,300க்கு மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்த தகடுகள் சிலையைச் சூழ அமைக்கப்பெற்றன. பின்னும் ஒரு குறை எஞ்சி நின்றது. கடலுக்குச் சென்றவனை நினைந்தவர், கரையிற் காத்திருந்தவளை மறந்தனர். 2001ஆம் ஆண்டில், மக்கள் இருவருடன் கடல்நோக்கி நிற்கும் தாய் ஒருத்தியின் சிலையும் அதே கடற்கரையில் நிறுவப்பெற்றது. நினைவுச் சின்னம் ஒரு நாளில் முடிந்துவிடும் பொருளன்று. தன் குறையைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும் ஊரிலேதான் அது உயிருடன் இருக்கும் என்பதற்கு இது சான்று.

குளொஸ்டர் மீனவன் தன் ஊரிலிருந்து கடலுக்குச் சென்றவன். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து, மீளாது அயல்மண்ணில் தங்கியவர்க்கு எவ்வகைச் சின்னம் பொருந்தும்? இவ்வினாவுக்கு மொரிசியசுத் தீவின் போர்ட் லூயிஸ் துறையில் உள்ள ‘ஆப்பிரவாசி காட்’ விடையாகும். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பெற்றோர் கரையேறிய இடம் அது. அங்கே வானளாவும் சிலையைக் கொண்டு பெருமை தேடவில்லை. கப்பலிலிருந்து இறங்கியோர் மிதித்தேறிய பதினாறு கற்படிகளும் பழைய கட்டடப் பகுதிகளும் பேணப்பட்டுள்ளன. 2006ஆம் ஆண்டில் அவ்விடம் உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்கப்பெற்றது. சிற்பியின் உளி செய்யாததை நடந்தவர் பாதமே செய்தது. படியே அங்குச் சிலையாயிற்று.

இனி, பசறை மக்களின் முன்னோர் கடந்த கடலை நோக்கலாம். 19ஆம் நூற்றாண்டிலே தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் முதலிய துறைகளிலிருந்து தோணியேறியோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின் காட்டுவழி நடை குறைந்தது. ஆயினும் வந்தவர் கழுத்திலே தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரவில்லை தொங்கிற்று. பெயருக்கு முன்னே எண் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின், தம் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவித்தலே இம்மக்களின் பெருவழக்காயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்தோபர் 30ஆம் நாள் செய்யப்பெற்ற சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அங்கும் மக்கள் எண்ணாகவே நின்றனர். அவ்வாண்டின் இறுதியில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர்த் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் நோக்கிச் சென்ற கப்பலிலே, வந்தவரின் பேரரும் பேர்த்தியரும் அதே கடலை மறுபடி கடந்தனர்.

இங்ஙனம் இருமுறை கடக்கப்பட்ட கடலின் கரையிலே எஞ்சி நிற்பவை எவை? தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவர். தலைமன்னாரில் பழைய இறங்குதுறையும் வெளிச்சவீடும். எவரும் நினைவுச் சின்னமாக அமையாதவை, காலத்தால் அவ்வாறாயின. மலைநாட்டிலோ நிலைமை வேறு. பதுளையிலே, 1845ஆம் ஆண்டில் இடிவிழுந்து மாண்ட மேஜர் றொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாகத் தேவாலயமே எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேசப்பட்ட ஒருவர் பெயர் கல்லில் நிலைத்தது; காட்டை வெட்டிக் கொழுந்து நாட்டியோர் பெயர் தேயிலைத் தூரிலே புதைந்தது.

2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வரலாற்றின் 200 ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நிகழ்ந்த நடைபயணம் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. முன்னோர் நடந்த வழியைப் பின்னோர் தம் காலால் அளந்தனர். கல்லும் வெண்கலமும் இன்றி, வழியையே சின்னமாக்கிய செயல் அது. ஆயின் நடை முடிந்தபின் வழி மீண்டும் வெறும் வழியாகிவிடும். ஆகவே நிலைத்த சின்னமும் வேண்டுவதாயிற்று.

தோட்டப் பாடல்களே போதும். கல் எதற்கு என்பர் சிலர். பாடல் நெஞ்சின் நினைவைக் காக்கும், இடத்தைக் காட்டாது. இறந்தோர் பெயரெல்லாம் அறியக் கிடையாவே என்பர் வேறு சிலர். ஆளின் பெயர் கிடையாவிடத்து அவர் புறப்பட்ட ஊரின் பெயரும், சேர்ந்த தோட்டத்தின் பெயரும் உள்ளன. வழித்துறைகளின் பெயர்கள் உள்ளன. கிடைக்கும் பெயர்களை எழுதி, கிடையாத பெயர்களுக்கு வெற்றிடம் விட்டு வைத்தலும் ஒரு நேர்மையே. வெறுமையாக விடப்பட்ட கல்லும் பேசும்.

ஆதலால் மன்னார்க் கரையிலே எழுவது எதுவாயினும், அதற்கு 133 அடி உயரம் வேண்டுவதில்லை. குழந்தையை இடுப்பிற் சுமந்து, கழுத்திலே தகரவில்லையோடு நனைந்த மணலிற் கால்வைக்கும் ஒரு பெண்ணின் உருவம் ஆளுயரத்தில் அமைந்தாற் போதும். அவள் கடலை நோக்காது தெற்கே மலையை நோக்கி நிற்கட்டும். அடியிலே பெயர்கள் இருக்கட்டும். பசறையிலிருந்து செல்லும் ஒரு மாணவன் அக்கல்லின்மீது விரலை ஓட்டித் தன் தோட்டத்தின் பெயரைக் கண்டு நிற்பானாயின், காட்சி முதலாகிய ஆறு துறையும் அங்கே நிறைவெய்தியனவாம்.