சேலையூர் ஹாலுக்கு 43-ஆ, 55-ஆ?

ஜிஎஸ்டி ரோட்டில் எந்த டிவி கடைக்குள் நுழைந்தாலும் இப்போது பேச்சே 55 அங்குலத்தில்தான் ஆரம்பிக்கிறது. காரணம் இன்னொரு ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18-ஆக இறங்கிவிட்டது. ஹால் மட்டும் அதே 10-க்கு 16-தான்.

குரோம்பேட்டை கடையில் 43 அங்குல டிவி ஸ்லேட்டு மாதிரி இருந்தது. பக்கத்தில் 75-ஐ மாட்டி வைத்தால் எதுவும் அப்படித்தான் தெரியும். வீட்டுக்கு வந்து, பழைய பேப்பரை இரண்டு அளவிலும் வெட்டிச் சுவரில் ஒட்டினேன். டிவி அளவு என்பது மூலைக்கு மூலை. 43 என்றால் அகலம் 95 செ.மீ., உயரம் 54. 55 என்றால் 122, 69. பன்னிரண்டு அங்குலம்தானே அதிகம் என்று தோன்றும். பரப்பளவில் அறுபது சதவீதத்துக்கும் மேல் அதிகம்.

அடுத்து தூரம். ஹால் 10 அடி அகலம் என்றால் நாம் 10 அடியிலிருந்து பார்ப்பதில்லை. சோபா முதுகு போக, கண்ணிலிருந்து எதிர்ச்சுவர் வரை டேப் பிடித்தால் எங்களுக்கு ஏழே முக்கால் அடிதான் வந்தது. திரை அளவை 1.6-ஆல் பெருக்கினால் கிடைக்கும் தூரத்தில் உட்கார்ந்தால், திரை பார்வையில் 30 டிகிரி அளவுக்கு விரியும். அந்தக் கணக்கில் 43-க்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி, 55-க்கு ஏழேகால், 65-க்கு எட்டே முக்கால். 55 வாங்கினோம்.

கிரிக்கெட்டும் ஓடிடி படமும் பிரமாதம். சிக்கல் சாயங்காலம் சீரியல் நேரத்தில் வந்தது. “என்னடா, எல்லார் மூஞ்சியும் கலங்கலா இருக்கு, எனக்குக் கண்ணாடி மாத்தணுமோ?” என்றார் அம்மா. கண்ணாடியில் கோளாறு இல்லை. கேபிளில் வருவது எஸ்டி சேனல். அதில் இருப்பது நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளி. 4கே திரையில் 83 லட்சம். ஒரு புள்ளியை இருபதாக இழுத்தால் கலங்காமல் என்ன செய்யும்? அம்மா பார்க்கும் சேனல்களை மட்டும் ஹெச்டிக்கு மாற்றினோம். மாசச் செலவு கொஞ்சம் ஏறியது. 43-ல் இந்தக் கலங்கல் இவ்வளவு உறுத்தியிருக்காது.

எங்கள் மாதிரி பழைய ஃப்ளாட்டுகளில் டப்பா டிவி காலத்து ஷோகேஸ் இருக்கும். எங்கள் வீட்டில் அதன் இடைவெளி மூன்றரை அடி. 43 நுழையும், 55 நுழையாது. அதைப் பொம்மைகளுக்கு விட்டுவிட்டு, டிவியைச் சுவரில் மாட்டினோம். மாட்ட வந்த பையன் அவன் கண் உயரத்துக்குத் துளை போடப் பார்த்தான். நிறுத்தி, சோபாவில் உட்காரவைத்துக் காட்டினேன். உட்கார்ந்தால் நம் கண் மூன்றரை அடி உயரத்தில்தான் இருக்கும். திரையின் நடு அதற்குப் பக்கத்தில் வந்தால் கழுத்து பிழைத்தது.

ஏழெட்டு அடி தூரம், ஹெச்டியோ ஓடிடியோ உண்டு என்றால் 55 வாங்கலாம். ஆறு அடிதான், அல்லது வீட்டில் எஸ்டி கேபிள் மட்டும்தான் என்றால் 43 போதும். பெட்ரூமுக்கு 32-க்கு மேல் வேண்டாம். 65-க்கு ஆசைப்படுபவர்கள் முதலில் லிஃப்டை அளந்து பாருங்கள். எங்கள் லிஃப்டில் 55-இன் பெட்டியே சாய்த்துப் பிடித்துத்தான் ஏறியது.